கூலி ஏறியது, மரக்கால் சுருங்கியது



மலருக்குக் கட்டுரை கேட்டபோது மற்ற அக்காமார்கள் குழு வளர்ந்த கதை, காய்கறித் தோட்டம், கைத்தொழில் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் நம்ம பகுதியின் கூலி வரலாற்றை எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். நான் கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்தில் குடித்தனம் செய்கிறவள். படிப்பு பத்தாவது. எங்கள் குழுவின் கணக்கு நோட்டும் தீர்மான நோட்டும் 11 வருஷமாக என் கையில் இருக்கின்றன. அந்த நோட்டுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்.

பயிற்சிக்கு வருகிறவர்கள், கடன் கொடுக்க வருகிறவர்கள், வீட்டு ஆம்பளைகள், எல்லாரும் நம்மிடம் சொல்வது ஒன்றுதான். "செலவைக் குறைங்க, சிக்கனமா இருங்க." நம்ம பாட்டிமார்கள் அரைவயிறு சாப்பிட்டும் கடன் இல்லாமல் பிள்ளை வளர்த்தார்கள், இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கட்டுசெட்டு தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள். அது நிஜம்தானா? நாம்தான் ஊதாரிகளா? இல்லை, கையில் வருகிற காசுக்கே ஏதாவது ஆகிவிட்டதா? பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நெல்லாக வந்த கூலி

எங்க அம்மாச்சி நடவுக்காரி. அவர் காலத்தில் கூலி என்றால் நெல். காசு என்பது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பார்க்கிற பொருள். களத்திலே மரக்காலில் அளந்து போடுவார்கள், முந்தியில் வாங்கிக்கொண்டு வருவார்கள். 12 மரக்கால் ஒரு கலம். ஒரு கலம் அறுத்துக் கொடுத்தால் அதில் இத்தனை படி அறுத்தவர்களுக்கு என்று கணக்கு.

நெல்லாகக் கூலி வாங்கியதில் ஒரு விஷயம் இருந்தது. கடையில் அரிசி விலை ஏறினாலும் இறங்கினாலும் மரக்கால் நெல் மரக்கால் நெல்தான். அதைக் குத்தினால் இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடலாமோ, அடுத்த வருஷமும் அத்தனை பேர் சாப்பிடலாம். விலைவாசி அந்தக் கூலியைத் தொட முடியாது.

இதைச் சொன்னால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அம்மாச்சி கேட்டால் திட்டும். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள் என்று பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டிப் போட்டிருந்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த ஊர் இது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து விவசாயச் சங்கம் கட்டிய பிறகுதான் அந்தத் தண்டனைகள் நின்றன. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி என்று சட்டத்தில் எழுத்து வந்தது. அப்போதும் ஆம்பளைக்கு ஒரு அளவு, பொம்பளைக்கு அதைவிடக் குறைந்த அளவு. நடவு இல்லாத மாசத்தில் அந்த அளவும் கிடையாது. "நண்டும் நத்தையும் கீரையும் இல்லாட்டி நாங்க ஏது" என்று அம்மாச்சி சொல்லும்.

மரக்காலின் அளவு எப்போதெல்லாம் கூடியது என்று பார்த்தால், யாரும் மனமிரங்கிக் கூட்டியதாக வரலாறு இல்லை. சேர்ந்து நின்று கேட்ட இடத்தில் கூடியது. கேட்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே சாட்சி நிற்கிறது.

அரைப்படிக்கு நடந்தது

1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் உறுதியாக நின்ற தொழிலாளர் குடியிருப்பில் புகுந்து தாக்கினார்கள். பயந்து ஒரே குடிசைக்குள் போய் ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். செத்தவர்கள் 44 பேர். அதில் பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு நடந்தது என்று இன்றைக்கும் நம்ம பக்கத்தில் சொல்வார்கள். வருஷா வருஷம் டிசம்பர் 25-இல் அந்த நினைவிடத்துக்கு ஜனங்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அரசாங்கம் கணபதியா பிள்ளை ஆணையத்தைப் போட்டது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே "நியாயக் கூலி" என்று இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விலை நம்ம பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அதே காலத்தில் அரிசி விலையும் பெரிய பேச்சாக இருந்தது. 1967 தேர்தலில் அண்ணா "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்று சொன்னார். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அந்தக் காலத்து ஜனங்கள் கூலியையும் விலையையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. ஒரு ரூபாய்க்கு எத்தனை படி என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் நடுவிலே எங்கேயோ கேட்காமல் விட்டோம்.

நெல் போய்க் காசு வந்தது

எங்க அம்மா காலத்தில் நடவுக்கும் களைக்கும் காசு வந்துவிட்டது. அறுப்புக்கு மட்டும் நெல் நின்றது. அறுப்பு முடிந்தால் வீட்டுத் திண்ணையில் மூணு நாலு மூட்டை நெல் கிடக்கும். நான் சின்னப் பிள்ளையாக அந்த மூட்டை மேல் ஏறி விளையாடியிருக்கிறேன். நாலைந்து மாசத்துக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

பிறகு அறுவடை மெஷின் வந்தது. ஊரே சேர்ந்து பத்து நாள் அறுத்ததை ஒரு மெஷின் ஒரு நாளில் முடித்துவிட்டுப் போனது. மெஷின் வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஒன்றரை ஏக்கரையும் மெஷின் வைத்துத்தான் அறுக்கிறோம். மழைக்கு முன்னே அறுத்தாக வேண்டும், ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் பெண்கள் கைக்கு வந்துகொண்டிருந்த கடைசி நெல்லும் அதோடு போயிற்று. அதற்கு மேல் காவிரியில் தண்ணீர் வராத வருஷங்கள். குறுவை போன வருஷமெல்லாம் நடவுக் கூலியும் போனது.

நெல்லுக்குப் பதிலாகக் காசு வந்தது நல்லதும்தான். காசு வந்தால் கடைக்குப் போகலாம், பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம், யார் களத்திலும் போய் நிற்க வேண்டாம். ஒரே ஒரு விஷயம்தான் மாறியது. மரக்கால் சுருங்காது, காசு சுருங்கும். கையில் இருக்கிறபோதே சுருங்கும், பார்த்தால் தெரியாது. நூறு ரூபாய் நோட்டு நூறு ரூபாய் நோட்டாகத்தான் இருக்கும். கடைக்குப் போய் நின்றால்தான் தெரியும்.

நூறு நாள் வேலையின் கணக்கு

ஊர் வேலையின் கூலி ஊருக்கு ஊர் மாறும். எல்லாருக்கும் தெரிந்த, அரசாங்கமே அறிவிக்கிற கூலி ஒன்று இருக்கிறது. அது நூறு நாள் வேலைக் கூலி. அதை வைத்துப் பார்ப்போம்.

2006 பிப்ரவரி 2-ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த ஆறு ஜில்லாவில் நம்ம நாகப்பட்டினமும் ஒன்று. சுனாமி அடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று நம்ம ஊர்ப் பெண்கள் கண்ணால் பார்த்தது அந்த வேலையில்தான். சம கூலிச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, ஆனால் வயலில் யார் பார்த்தார்கள்? தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான். அதனால் இது நம்ம கூலி.

2006-இல் ஒரு நாளைக்கு 80 ரூபாய். 2011-இல் 119. 2014-இல் 167. 2016-இல் 203. 2020-இல் 256. 2024-இல் 319. 2025-இல் 336. பார்த்தால் ஏறிக்கொண்டேதான் வருகிறது. 80 எங்கே, 336 எங்கே, நாலு மடங்குக்கு மேல் என்று சொல்லிவிடலாம்.

இப்போது பழைய ஆட்கள் மாதிரி வேறு அளவில் அளந்து பார்ப்போம். நம்ம வீட்டில் சேமிப்பு என்றால் தங்கம்தான். 2006-இல் ஒரு பவுன் ஏழாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 80 ரூபாய்க் கூலியில் கிட்டத்தட்ட 90 நாள் வேலை. அதாவது ஒரு வருஷத்து நூறு நாளையும் செய்து, ஒரு காசும் செலவழிக்காமல் வைத்தால் ஒரு பவுன் வாங்கலாம். 2025 ஏப்ரலில் பவுன் 70 ஆயிரத்தைத் தாண்டியது. 336 ரூபாயால் வகுத்துப் பாருங்கள், 208 நாள் வருகிறது. ஒரு வருஷத்துப் பவுன் இப்போது இரண்டு வருஷத்துக்கும் எட்டவில்லை. கூலி நாலு மடங்கு ஏறியது, தங்கத்தில் அளந்தால் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுப்பில் அளந்து பார்ப்போம். 2014-இல் மானியத்தோடு சிலிண்டர் 400 ரூபாய் அளவில் இருந்தது, கூலி 167. இரண்டரை நாள் வேலை. 2022 ஜூலையில் சென்னை விலை 1,068 ரூபாய் 50 காசு, கூலி 281. நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு 2023-இல் 200 ரூபாயும், 2024-இல் 100 ரூபாயும் குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏற்றினார்கள். குறைத்ததையும் சொல்லத்தான் வேண்டும், கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுதணும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டர் விலை ஒரே வருஷத்தில் பல தடவை மாறியதுண்டு. கூலி மாறியது வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஏப்ரல் 1-ஆம் தேதி.

அந்த ஒரு தடவையும் எப்படி? 2016-இல் 203 ரூபாயாக இருந்தது 2017-இல் 205 ஆனது. உயர்வு இரண்டு ரூபாய். 2017 எந்த வருஷம் என்று நம்ம டெல்டாப் பெண்களுக்கு ஞாபகம் இருக்கும். மழையும் இல்லை, மேட்டூர்த் தண்ணீரும் இல்லை, பயிர் கருகி, தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று ஜனவரியில் அரசாங்கமே அறிவித்த வருஷம். அந்த வருஷத்துக்கு இரண்டு ரூபாய். டீக்கடையில் பாதி டீ கூட வராது.

1983-ஆம் வருஷத்துக் கூடை

இரண்டு ரூபாய் எப்படி வந்தது என்று விசாரித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. 2011-லிருந்து இந்தக் கூலியை விவசாயத் தொழிலாளர் விலைவாசிப் புள்ளியை வைத்து உயர்த்தி வந்தார்கள். விவசாயக் கூலிக் குடும்பம் என்னென்ன வாங்கும் என்று ஒரு கூடை மாதிரி வைத்துக்கொண்டு, அந்தக் கூடையின் விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். நியாயமான முறைதான். ஆனால் 2025 வரை நடப்பில் இருந்த அந்தக் கூடை 1986-87-ஐ அடிப்படை ஆண்டாக வைத்தது. கூடையில் எதற்கு எவ்வளவு இடம் என்பது 1983-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கு.

1983-இல் எங்க அம்மாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அப்போது கூலிக்காரர் வீட்டில் என்ன செலவு? அரிசி, உப்பு, புளி, மிளகாய், மண்ணெண்ணெய், வருஷத்துக்கு ஒரு துணி. அடுப்புக்குக் கருவேல முள்ளும் வரட்டியும். பள்ளிக்கூட வேன் கிடையாது. போன் கிடையாது. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எத்தனை வீட்டில் இருந்தது? அந்தக் கூடையில் சாப்பாடுதான் பெரும்பங்கு.

இன்றைக்கு நம்ம வீட்டில் சாப்பாட்டு அரிசியை ரேஷன் கடை பார்த்துக்கொள்கிறது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. இதையெல்லாம் குறைத்துப் பேசக் கூடாது. கூலி எட்டாத இடத்தில் வீட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பது இவைதான். வயிற்றுக்கு இல்லாமல் படுத்த ராத்திரி எனக்கு இல்லை, அம்மாச்சிக்கு நிறைய இருந்தது. அதுவும் வரலாறுதான்.

ஆனால் கூலியைத் தின்கிறது இப்போது அரிசி இல்லை. கேஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரீசார்ஜ், பெட்ரோல், வட்டி. 2024 ஜூலையில் தனியார் போன் கம்பெனிகள் சேர்ந்தாற்போல ரீசார்ஜ் விலையைக் கூட்டின. போனை விட்டுவிடலாமே என்றால், நூறு நாள் வேலை வருகைப்பதிவே போனில்தான் நடக்கிறது, பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பேங்கு ஓடிபி போனுக்கு வருகிறது. இதில் எதை ஆடம்பரம் என்று வெட்டுவது?

நடுவில் நிற்கிற வீடு

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டமைப்பில் பாதிப் பேர் வீடு எங்கள் வீடு மாதிரிதான். கூலிக்காரர் என்று சொல்ல முடியாது, வசதிக்காரர் என்றும் சொல்ல முடியாது. ஓட்டு வீடு, ஒன்றரை ஏக்கர், ஒரு டிவிஎஸ் வண்டி. வீட்டுக்காரர் ஒரு தனியார் ரைஸ்மில்லில் மாசச் சம்பளம். அம்மாச்சி பிறந்த குடிசையிலிருந்து பார்த்தால் இது பெரிய உயரம். மூணு தலைமுறையில் ஏறி வந்த உயரம்.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிற பழக்கம் உள்ளவள். 2015 ஜூன் மாசத்தையும் 2025 ஜூன் மாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 2015-இல் அவர் சம்பளம் 9,000. மளிகை 2,200, காய்கறி மீன் 1,000, பால் 540, கேஸ் மாசக் கணக்குக்கு 280, மாமியார் மாத்திரை 300, போன் 100, பெட்ரோல் 700. மொத்தம் 5,120. கையில் 3,880 நின்றது. அதில்தான் சீட்டு, குழுச் சேமிப்பு, நல்லது கெட்டது எல்லாம்.

2025-இல் சம்பளம் 13,500. பத்து வருஷத்தில் ஒன்றரை மடங்கு. மளிகை 4,600, காய்கறி மீன் 2,000, பால் 780, கேஸ் 580, மாத்திரை 900, இரண்டு போனுக்கும் 600, பெட்ரோல் 1,500, பிள்ளைகள் வேன் 1,600. மொத்தம் 12,560. மிச்சம் 940. பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் இதற்கு மேல். தேங்காய் எண்ணெய் மட்டும் கிலோ 400-ஐத் தாண்டிவிட்டது. நான் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பாதியாக்கி, தாளிக்கப் பாமாயில் என்று மாற்றி, டீயை ஒரு வேளையாக்கி எல்லாம் பார்த்துவிட்டேன். 200 ரூபாய் குறைந்தது. சிக்கனத்தில் மிச்சம் பிடிக்க முடிந்தது அவ்வளவுதான்.

வயல் என்ன ஆச்சு என்பீர்கள். சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு ஆதார விலை 2014-15-இல் குவிண்டாலுக்கு 1,360. 2024-25-இல் 2,300. அதோடு மாநில ஊக்கத்தொகை 105. ஒன்றே முக்கால் மடங்கு. அறுவடை மெஷின் வாடகை, உழவு, ஆள் கூலி எல்லாம் அதைவிட வேகமாகப் போயிற்று. நடவுப் பெண்களுக்குக் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நானே நினைக்கிறேன், ஆனால் நெல் விற்கிற இடத்தில் எனக்கு ஏறாமல் நான் எங்கிருந்து கொடுப்பது? கூலி வாங்குகிறவளும் கூலி கொடுக்கிறவளும் இப்போது ஒரே குழுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேர் கையிலும் காசு நிற்கவில்லை.

நடுவில் நிற்கிற வீட்டுக்கு இன்னொரு சங்கடம். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு விலைவாசி ஏறினால் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரிக்கும் ஜூலைக்கும் கணக்குப் பண்ணி அகவிலைப்படி ஏற்றுகிறார்கள். நல்லது, அது அவர்கள் சங்கம் வைத்து வாங்கிய உரிமை. மில்லில், ஜவுளிக்கடையில், தனியார் பள்ளிக்கூடத்தில், லோடு ஆட்டோவில் வேலை செய்கிற நம்ம வீட்டு ஆட்களுக்கு அப்படி ஒன்று இல்லை. உதவித் தொகைக்கு மனுப் போட்டால் வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, கரண்ட் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று அளவு இருக்கிறது. கணவன், மனைவி, மகன் என்று மூணு பேர் சம்பாதிக்கிற வீடு சுலபமாக அந்த இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். தாண்டினவர்கள் வசதிக்காரர்களா? மேலேயும் கை எட்டாது, கீழேயும் கால் ஊன்றாது. இப்படித்தான் நடுவில் இருக்கிற வீடுகள் சத்தமில்லாமல் இறங்குகின்றன. வெளியே தெரியாது, வீடு அதே ஓட்டு வீடு, வண்டி அதே வண்டி. பீரோவில் இருந்த நகை மட்டும் பேங்கில் இருக்கும். கல்யாணத்துக்கு எனக்கு அம்மா போட்டது ஆறு பவுன். அதில் நாலு இப்போது அடகில்.

தீர்மான நோட்டு சொல்கிற வரலாறு

நம்ம குழுக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் இது 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. 1992-இல் நபார்டு பேங்கு குழுக்களைப் பேங்கோடு இணைத்தது. 1997-இல் மகளிர் திட்டம். நம்ம பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு வேகமாகப் பரவியது. எங்கள் குழுவின் முதல் தீர்மான நோட்டு 2005-இல் தொடங்குகிறது. அட்டை கிழிந்துவிட்டது, நான் பேப்பர் போட்டு வைத்திருக்கிறேன்.

அதில் முதல் ஐந்து வருஷத்தில் கடன் வாங்கிய காரணம் இப்படி இருக்கும்: கறவை மாடு, வெள்ளாடு இரண்டு, தையல் மெஷின், இட்லிக் கடைக்கு கிரைண்டர், குத்தகைக்கு நிலம். போன இரண்டு வருஷத்து நோட்டைப் பாருங்கள்: பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, காலேஜ் பீஸ், நகை மீட்க, வேறு கடன் அடைக்க. அப்போது கடன் நாளைக்கு வரப்போகிற வருமானத்துக்காக வாங்கியது. இப்போது போன மாசம் பற்றாமல் போனதற்காக வாங்குகிறோம். பால் கறக்கிற கடனுக்கும் பசி அடக்குகிற கடனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மாடு வாங்கிய கடனை மாடே அடைத்துவிடும். பீஸ் கட்டிய கடனை எது அடைக்கும்? ஏறாத கூலிதான் அடைக்க வேண்டும்.

குழுவில் பத்தாதபோது வாரக் கடன் கம்பெனிகள் தெருவுக்கு வருகின்றன. ஒரு வீட்டில் மூணு கம்பெனிக் கடன் இருக்கிறது. 2022-இல் ரிசர்வ் பேங்கு ஒரு விதி போட்டது. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாத் தவணையும் சேர்த்து மாச வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம், மிரட்டியும் வற்புறுத்தியும் கடன் வசூல் செய்வதைத் தடுக்கச் சட்டம் நிறைவேற்றியது. வாசலில் வந்து அசிங்கமாகப் பேசினால் பேசாமல் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவு எழுதிய பிறகு என் கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டும். நம்ம பாட்டிமார்களைவிட நாம் ஊதாரிகள் இல்லை. அவர்களுக்கு அளந்து போட்ட மரக்கால் கண்ணுக்குத் தெரிந்தது. குறைத்தால் தெரிந்தது, தெரிந்ததால் கேட்டார்கள். நமக்கு அளக்கிற மரக்கால் கண்ணுக்குத் தெரியவில்லை. ரூபாய் கூடிக்கொண்டே வருவதால் குறைவது தெரியவில்லை. தெரியாததால் நம்மையே நாம் குறை சொல்லிக்கொள்கிறோம், புருஷன் பெண்டாட்டியைச் சொல்கிறான், மாமியார் மருமகளைச் சொல்கிறாள்.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் கடனுக்கு உண்மையான காரணத்தை எழுதுவோம். "வியாபாரம்" என்று ஒப்புக்கு எழுத வேண்டாம். பீஸ் என்றால் பீஸ், மருந்து என்றால் மருந்து. பத்துக் குழு நோட்டைச் சேர்த்து வைத்தால் அதுவே சாட்சி. பேங்கு அதிகாரியிடமும் பிடிஓ ஆபீசிலும் காட்டிப் பேசலாம்.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாக் குழுவும் உட்கார்ந்து கூலியைப் பொருளில் அளந்து பார்ப்போம். ஒரு நாள் நடவுக் கூலிக்கு எத்தனை லிட்டர் பால், ஒரு சிலிண்டருக்கு எத்தனை நாள் கூலி, ஒரு மாத்திரை அட்டைக்கு எத்தனை மணி நேரம் வேலை. எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டுவோம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் பேசுவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாட்களில் நாற்காலி நிரப்ப மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். போய்த் தீர்மானம் கேட்போம். நூறு நாள் கூலி விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும், கூலி தாமதமில்லாமல் வர வேண்டும், மில்லிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. நாம் ஒரு ஆள் போய்க் கேட்டால் "உனக்கு என்ன வேலை" என்பார்கள். குழுவாகப் போய்க் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்.

நாம் மாசம் தவறாமல் சேமிக்கிறோம், தவணை கட்டுகிறோம், நோட்டு எழுதுகிறோம். இத்தனை வருஷம் இந்த ஒழுங்கைக் கடன் வாங்கவும் கட்டவும் மட்டுமே பயன்படுத்தினோம். இனி அதே ஒழுங்கோடு கூலியையும் கேட்டுப் பார்ப்போம். அடுத்த கிராம சபைக்கு எங்கள் குழுவில் 12 பேரும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். மற்றக் குழுச் சகோதரிகளும் நோட்டோடு வாருங்கள்.